ஆளில்லாச் சிறுவிமானங்கள்: அடக்கியாளும் கலையின் வரலாறு

காற்றில் அசையும் பூவொன்றின் மீது தேனீ வந்தமரும் காட்சி நாடோறுங் காணப்படுவது. ஆதலின் அதனை எவரும் வியப்பதில்லை. அத் தேனீயின் நிறை ஏறக்குறைய 100 மில்லிகிராம். அதன் மூளையின் நிறை ஏறக்குறைய 1 மில்லிகிராம். அச் சிறு மூளையின் துணைகொண்டு அது காற்றின் போக்கை உணர்கின்றது. சாய்ந்த உடலை நிமிர்த்துகின்றது. பூவின் அசைவுக்கேற்பத் தன் வேகத்தைத் தணித்து, வேண்டிய இடத்தில் வேண்டிய கணத்தில் இறங்குகின்றது. நூற்றுக்கணக்கான பிரயாணிகளைச் சுமந்து சமுத்திரங்களைக் கடக்கும் விமானங்களை இருபதாம் நூற்றாண்டிலேயே ஆக்கிவிட்ட மனிதன், தேனீயளவான பொறியொன்றைத் தன் வசப்படுத்திப் பறக்கவிட்ட செய்தி 2013 ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. பெரியது முன்னரும் சிறியது பின்னருமாக அமைந்தமைக்குக் காரணம் யாது?

பறத்தல் என்பது ஒரு வினையன்று. இரண்டு வினைகளின் கூட்டு. காற்றில் வீழாது நிற்றல் ஒன்று. நின்றதனைக் கருதிய திசையிற் செலுத்துதல் மற்றொன்று. முன்னையதை உந்துதலென்றும் உயர்த்துதலென்றும், பின்னையதை அடக்கியாளுதல் என்றும் கூறலாம். விமான வரலாற்றை எழுதினோர் பலர் முன்னையதற்கே முதன்மை தந்தனர். ஆயின் ஆளில்லாச் சிறுவிமானங்களின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு உண்மை வேறாகத் தோன்றும். உருவம் சிறுக்கச் சிறுக்க உயர்த்தும் வேலை எளிதாகின்றது. அடக்கியாளும் வேலையோ அரிதாகின்றது. பறவையையும் பூச்சியையும் போலப் பறக்க விழைந்த மனிதனுக்கு இறக்கையைக் காட்டிலும் மூளையே கிட்டாப் பொருளாக இருந்தது.

ஆளில்லா விமானம் என்பது அண்மைக்காலப் புதுமை என எண்ணுவோர் பலர். உண்மையில் காற்றினும் பாரமான பறக்கும் பொறிகளின் வரலாறு ஆளில்லாச் சிறு பொறிகளுடனேயே தொடங்குகின்றது. 1754 இல் உருசிய அறிஞர் மிகையில் லொமொனொசொவ், மணிக்கூட்டு வில்லினால் இயங்கும் சுழலிறக்கைப் பொறியொன்றை அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தாருக்குக் காட்டினார். 1784 இல் பிரான்சைச் சேர்ந்த லோனுவா, பியென்வெனு என்னும் இருவர், பறவை இறகுகளை இரு முனைகளிலும் செருகி, வில்லின் நாணினாற் சுழலச் செய்த பொறியொன்றைப் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் மேலெழச் செய்தனர். இவை விளையாட்டுப் பொருள்களை ஒத்திருந்தன. எனினும் உயிரற்ற பொருளும் தன் ஆற்றலால் மேலெழும் என்பதை இவை ஐயமற நிறுவின.

இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியில் வாழ்ந்த சேர் ஜோர்ஜ் கேலி இத்துறையைக் கைவினை நிலையினின்றும் விஞ்ஞான நிலைக்கு உயர்த்தியவர். அவர் 1799 இல் சிறு வெள்ளித் தகடொன்றிலே தம் கருத்தைப் பொறித்து வைத்தார். உயர்த்தும் விசைக்கு நிலையான இறக்கை ஒன்று, முன்னுந்தும் விசைக்கு வேறோர் அமைப்பு, திசைக்கும் சமநிலைக்கும் ஒரு வால் என மூன்றாக வினையைப் பகுத்ததே அவர் செய்த பெருந்தொண்டு. 1804 இல் அவர் ஆக்கிய மிதவை மாதிரி ஏறக்குறைய 1.5 மீற்றர் நீளமுடையது. அதன் இறக்கை ஒரு பட்டம். வாலோ விரும்பிய கோணத்திற் திருப்பி வைக்கத்தக்கது. பறக்கவிடுமுன் வாலைத் திருத்தினால் பறக்கும் பாதையும் திருந்தும். 1809, 1810 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவர்தம் கட்டுரைகள் பின்வந்தோர்க்கெல்லாம் அடிப்படையாயின.

கேலியின் வழியைச் செம்மைப்படுத்தியவர் பாரிசு நகரத்து இளைஞர் அல்போன்சு பெனோ என்பவர். 1850 இற் பிறந்த அவர் இடுப்பு நோயினால் கடற்படைச் சேவையிற் சேர இயலாதவரானார். ஆதலின் தம் மனத்தை வான்வழியிற் செலுத்தினார். முறுக்கிய இறப்பர் நாடாவை ஆற்றலின் ஊற்றாகக் கொள்ளலாம் என்பதை 1870 இற் கண்டார். 1871 ஆகத்து 18 ஆந் தேதி துயிலரீசுப் பூங்காவிலே, அறிஞர் குழாம் காண, 16 கிராம் நிறையும் 45 சதமமீற்றர் இறக்கை அகலமும் உடைய தம் சிறு விமானத்தை அவர் பறக்கவிட்டார். அது 11 செக்கன்களில் ஏறக்குறைய 40 மீற்றர் தூரம் பறந்தது. அதனைத் தொட்டுத் திருத்தியவர் எவருமில்லை; நூல் கட்டி இழுத்தவரும் இல்லை.

அந்நிகழ்ச்சியின் சிறப்பு தூரத்தில் இல்லை. அச் சிறு பொறி தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு பறந்தமையில் இருக்கின்றது. பெனோ வாலிறக்கையை முன்னிறக்கையினுங் குறைந்த கோணத்தில் அமைத்தார். மூக்கு மேலெழுமாயின் வாலின் மேல் விசை மிகுந்து மூக்கைத் தாழ்த்தும். மூக்குத் தாழுமாயின் மாறான விளைவு நிகழும். இறக்கை நுனிகளை மேனோக்கி வளைத்தமையால் பக்கச் சாய்வும் தானே திருந்தியது. சுருங்கக் கூறின், விமானியின் வேலையை அவர் வடிவத்தினுள்ளே அடக்கிவிட்டார். மூளையில்லாப் பொருளுக்கு வடிவமே மூளையாயிற்று. இன்று சிறுவர் பறக்கவிடும் மென்மர விமானங்களும் இவ்விதியையே பின்பற்றுகின்றன.

பெனோ அத்துடன் நின்றாரல்லர். 1876 இல், நீரினின்றும் நிலத்தினின்றும் எழவல்ல இரட்டைச் சுழலியுடைய பெருவிமானமொன்றுக்குக் கோசோ என்பவருடன் சேர்ந்து உரிமைப் பத்திரம் பெற்றார். ஏற்றத் தாழ்வையும் திசையையும் ஒரே கைப்பிடியால் ஆளும் ஏற்பாடும் அதிலே குறிக்கப்பட்டிருந்தது. ஆயின் அதனைக் கட்டுதற்குப் பொருள் தருவார் இலர். நோயும் ஏமாற்றமும் வருத்த, அவர் தம் வரைபடங்களைச் சிறு சவப்பெட்டி போன்ற பேழையொன்றில் இட்டு, நீராவி வான்கப்பலை ஆக்கியவரான கிபார் என்பவரின் இல்லத்திற் சேர்ப்பித்தார் என்பர். 1880 இல், தமது 30 ஆவது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விஞ்ஞான வரலாற்றின் துயர அத்தியாயங்களுள் இதுவும் ஒன்று.

எனினும் விதைத்தவன் உறங்கினும் விதை உறங்குவதில்லை. 1878 இல் அமெரிக்காவிலே மில்ற்றன் றைற் என்னும் சமயகுரு தம் இளமைந்தர் இருவருக்கும் விளையாட்டுப் பொருளொன்றை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், கடதாசி ஆகியவற்றாலான அது, பெனோவின் இறப்பர் நாடாச் சுழலியை அடியொற்றியது. அம்மைந்தரே வில்பரும் ஓர்விலும். அவர்கள் அதனைப் பார்த்துப் பெரிய உருவிற் பல செய்தனர். பெரிதாகப் பெரிதாக அவை பறக்க மறுத்தன. நீளத்தை இருமடங்காக்கினால் எட்டு மடங்கு வலு வேண்டும் என்பதை அவ்வயதில் தாம் அறியாதிருந்ததாகப் பிற்காலத்தில் அச்சகோதரர் எழுதினர். பரப்பு நீளத்தின் வர்க்கமாகவும், நிறை நீளத்தின் கனமாகவும் பெருகுமாதலின், பெரிய உருவம் தன் பாரத்தாலேயே தாழும். இவ்விதியைத் தலைகீழாக்கினால், சிறிய உருவத்துக்கு மேலெழுதல் எளிது என்பது பெறப்படும். அவ்வாறாயின் சிறியவை ஏன் விரைந்து வளரவில்லை என்னும் வினா மீண்டும் எழுகின்றது.

அதற்கான விடையின் ஒரு பகுதியைச் சாமுவேல் லாங்லியின் வரலாறு தருகின்றது. வாசிங்ரன் நகரத்துச் சிமித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராயிருந்த அவர், 1896 மே 6 ஆந் தேதி பொற்றோமக் ஆற்றில் மிதந்த படகு வீடொன்றிலிருந்து நீராவியால் இயங்கும் ஆளில்லா விமானமொன்றை ஏவினார். ஏறக்குறைய 11 கிலோகிராம் நிறையுடைய அது 1,000 மீற்றருக்குச் சற்று மேலான தூரம் பறந்து நீரில் மெல்ல இறங்கியது. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் அதனைக் கண்டு ஒளிப்படமும் எடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் வேறொரு மாதிரி ஏறக்குறைய 1,460 மீற்றர் பறந்தது. இவ்வெற்றியால் ஊக்கமுற்ற அமெரிக்க அரசு 50,000 டொலர் வழங்க, லாங்லி ஆளைச் சுமக்கும் பெருவிமானத்தைக் கட்டினார். 1903 ஒற்றோபர், திசம்பர் மாதங்களில் அது ஈருமுறை ஏவப்பட்டு ஈருமுறையும் ஆற்றில் வீழ்ந்தது. உருவத்தைப் பெருக்கியபோது அதன் சட்டகம் உறுதி குன்றியது. அன்றியும் விமானி அதனை ஆள்வதற்கான வழிவகைகள் மிகச் சிலவே அதில் இருந்தன.

ஒன்பது நாட்களின் பின், 1903 திசம்பர் 17 இல், றைற் சகோதரர் வென்றனர். அவர்கள் மேற்கொண்ட நெறி பெனோவின் நெறிக்கு மறுதலையானது. தானே நிமிரும் பொறியை அவர்கள் நாடவில்லை. கவனிக்காவிடிற் கவிழும் பொறியை ஆக்கி, அதனைக் கணந்தோறுந் திருத்தும் பொறுப்பை விமானியின் கையில் வைத்தனர். துவிச்சக்கர வண்டி செய்வோரான அவர்களுக்கு, நிலையற்ற வண்டியும் ஓட்டுவோன் திறனால் நிமிர்ந்தோடும் என்பது நன்கு தெரியும். இவ்வாறு இரு நெறிகள் உருவாயின. ஒன்று, ஆளில்லாது வடிவத்தால் நிமிரும் நெறி. அது காற்று அமைதியாயிருக்கும்வரையே பயன்படும். மற்றொன்று, ஆளின் கையால் நிமிரும் நெறி. அதற்கு ஆளைச் சுமக்குமளவு பெரிய உருவம் வேண்டும். ஆளின்றியும், கணந்தோறுந் திருந்தியும் பறக்கும் மூன்றாம் நெறியே சிறுவிமானத்துக்கு வேண்டப்பட்டது.

அந்நெறியின் முதற்படி சுழலி ஆகும். விரைந்து சுழலும் சில்லு தன் அச்சின் திசையை மாற்ற விரும்பாது; பம்பரம் நிமிர்ந்து நிற்பதும் இதனாலேயே. பிரெஞ்சு அறிஞர் பூக்கோ 1852 இல் இத்தன்மையைக் கொண்டு பூமியின் சுழற்சியைக் காட்டினார். அமெரிக்கரான எல்மர் ஸ்பெரியும் அவர் மைந்தர் லோரன்சும் இதனை விமானத்திற் பொருத்தினர். 1914 யூன் மாதத்தில் பாரிசுக்கு அருகே சேன் நதியின் மேல், லோரன்சு இரு கைகளையும் விட்டுக் கரங்களை உயர்த்திக் காட்டவும், துணைவர் இறக்கையின் மீது நடக்கவும், விமானம் சமநிலை பிறழாது பறந்தது. பார்த்தோர் வியந்தனர், படைத்துறையினர் வேறொன்றைச் சிந்தித்தனர். முதலாம் உலகப் போரின் இறுதியில், 1918 இல், சார்ள்சு கெற்றரிங் என்பவர் சுழலியால் நெறிப்பட்டு, குறித்த எண்ணிக்கைச் சுற்றுகள் முடிந்ததும் இறக்கைகளை உதறி வீழும் வெடிகுண்டு விமானத்தைப் பரிசோதித்தார். போர் முடிந்தமையால் அது களத்திற் பயன்படவில்லை. ஆயினும் ஆளில்லா விமானம் இளமையிலேயே போருக்கு ஆட்பட்டதென்பது மறக்கத்தக்கதன்று.

இரண்டாம் படி வானொலி. 1898 இல் நிக்கொலா டெஸ்லா நியூயோர்க்கிலே சிறு படகொன்றைக் கம்பியின்றித் தொலைவிலிருந்து செலுத்திக் காட்டினார். 1935 இல் பிரித்தானியா, பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படும் வானொலி விமானத்துக்கு 'இராணித் தேனீ' எனப் பெயரிட்டது. ஆண் தேனீயைக் குறிக்கும் ட்ரோன் என்னுஞ் சொல் ஆளில்லா விமானத்துக்கு வழங்கலானது அப்பெயரை ஒட்டியே என்பர். அதே காலத்தில் அமெரிக்காவின் கலமசூ நகரத்துச் சகோதரரான வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்போர் தம் கையாற் கட்டிய வானொலிச் சாதனத்தை மாதிரி விமானத்தில் ஏற்றி, 1937 முதல் வெற்றியுடன் பறக்கவிட்டனர். நடிகரும் மாதிரி விமானப் பிரியருமான ரெஜினோல்ட் டெனியின் நிறுவனம் இரண்டாம் உலகப் போரின்போது ஏறக்குறைய 15,000 இலக்கு விமானங்களை ஆக்கியது. இவற்றிலெல்லாம் கண்ணும் கையும் நிலத்திலே நின்றன. கட்டளை மட்டுமே வானத்திற் சென்றது.

இம்முறைக்கு ஓரெல்லை உண்டு. மனிதன் ஒன்றைக் கண்டு அதற்கேற்பக் கையை அசைத்தற்கு ஏறக்குறைய ஐந்திலொரு செக்கன் ஆகும். பெரிய விமானத்துக்கு அத்தாமதம் பொருட்டன்று. ஒரு பொறியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அரைவாசியாக்கினால் அதன் நிறை எட்டிலொன்றாகும். திரும்புதலை எதிர்க்கும் சடத்துவத் திருப்பமோ முப்பத்திரண்டில் ஒன்றாகும். ஆகவே சிறு பொறி கண்ணிமைக்கும் நேரத்திற் புரளும். அன்றியும் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்திற் பறக்கும் சிறுவிமானத்துக்கு, செக்கனுக்கு 5 மீற்றர் வேகமுடைய சாதாரண காற்றும் புயலே. பெருவிமானத்தை மெல்ல அசைக்கும் காற்று, சிறியதைக் கவிழ்க்கின்றது. நிலத்தில் நிற்பவனின் கை அதனைத் திருத்த முனைகையில் அது ஏற்கெனவே வீழ்ந்திருக்கும். உருவம் சிறுத்தால் அடக்கியாளும் அறிவு அதனுள்ளேயே இருத்தல் வேண்டும் என்பது இதனாற் தெளிவாகும்.

காற்றும் சிறியோர்க்கு வேறு முகங் காட்டுகின்றது. மாஞ்செசுற்றர் நகரத்துப் பேராசிரியர் ஒஸ்போண் றெனோல்ட்சு 1883 இல் விளக்கியவாறு, பாய்பொருளின் ஓட்டத்திற் பருமனும் வேகமும் குறையக் குறைய அதன் பாகுநிலை மேலோங்கும். அவர் பெயரால் வழங்கும் எண் பெருவிமானத்துக்குக் கோடிக்கணக்கிலும், ஒரு சாண் விமானத்துக்கு இலட்சம் அளவிலும், பூச்சிகளுக்குச் சில நூறு முதற் சில ஆயிரம் வரையிலும் அமையும். இலட்சத்தின் கீழ், தடித்த இறக்கையின் மேற்புறத்தை விட்டுக் காற்று எளிதிற் பிரிந்துவிடும். உயர்த்தும் விசை குன்றும். மெல்லிய வளைந்த தகடே அங்கே சிறந்த இறக்கையாகும். 1934 இல் பிரெஞ்சு விலங்கியலறிஞர் மாஞ்ஞான், நிலையான இறக்கைக்குரிய கணக்கைப் பூச்சிக்குப் பொருத்தினால் அது பறத்தல் இயலாதென எழுதியதும் இத்துறையின் அறியாமையைப் புலப்படுத்தியது. பறக்கும் பூச்சி பொய்யன்று. பொருந்தாத கணக்கே பிழையானது.

அக்கணக்கைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1973 இல் வைசு-போ என்பவர் நுண்குளவியொன்று தன் இறக்கைகளை முதுகின் மேற் சேர்த்தடித்து விரித்தெறிவதால் மிகை விசை பெறுதலைக் கண்டார். 1996 இல் கேம்பிறிச்சு அறிஞர் எலிங்ரனும் குழுவினரும், விட்டிலினத்தின் இறக்கை முன்விளிம்பிலே சுழிப்பொன்று பிரியாது ஒட்டிநின்று உயர்த்துதலை நிறுவினர். 1999 இல் மைக்கேல் டிக்கின்சனும் துணைவரும், கனிய எண்ணெய்த் தொட்டியினுள்ளே ஈயின் இறக்கையைப் பன்மடங்கு பெருப்பித்த மாதிரியை மெல்ல அசைத்து, வீச்சின் முடிவில் இறக்கை புரள்வதாலும் விசை பிறக்கும் எனக் காட்டினர். சிறிய ஈயை அறியப் பெரிய ஈயை ஆக்கவேண்டியிருந்தது.

இந்நிலையில், 1990 களின் நடுப்பகுதியில், அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகவர் நிலையம் எப்பக்கத்திலும் 15 சதமமீற்றருக்கு மேற்படாத விமானங்களை ஆக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனாகத் தோன்றிய 'கறுப்பு விதவை' என்னும் விமானம் 80 கிராம் நிறையுடையது. அது மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீற்றர் வேகத்தில் 30 நிமிடம் பறந்தது. அதன் கமராவின் நிறை 2 கிராம் மட்டுமே. உயரத்தையும் வேகத்தையும் திசையையும் தானே காத்துக்கொள்ளும் கருவியும் அதிலே பொருத்தப்பட்டிருந்தது. பற்றரியைப் பெருப்பித்தால் நேரம் கூடும், பாரமும் கூடும். இறக்கையைப் பெருப்பித்தால் எல்லை மீறும். ஒவ்வொரு கிராமும் மற்றொன்றன் செலவிலேயே பெறப்பட்டமையால், உறுப்புகளை ஒவ்வொன்றாக அன்றி ஒருங்கே வைத்துக் கணித்தே அதனை வகுத்தனர். சிறுவிமானம் வகுத்தலின் அடிப்படை நெறி இதுவேயாகும்.

சமநிலை உணரும் கருவி சிறுத்த வரலாறு தனிச் சிறப்புடையது. பழைய சுழலியின் சில்லுக்கும் அச்சுக்கும் பாரம் மிகுதி. ஆயின் சுழலாது அதிரும் நுண் தகடும் அதே வேலையைச் செய்யும். அதிரும் பொருளைத் திருப்பினால், கொரியோலிசு விசையால் அது பக்கவாட்டில் விலகும். அவ்விலகலை அளந்தால் திருப்பத்தின் வேகம் தெரியும். சிலிக்கன் சில்லிற் செதுக்கப்பட்ட இத்தகைய கருவிகள் மோட்டார் வண்டிகளின் பொருட்டும் கைத்தொலைபேசிகளின் பொருட்டும் பேரளவில் ஆக்கப்பட்டு விலை மலிந்தன. மனிதன் புதிதாகக் கண்ட இவ்வுபாயம் ஈக்குப் பழையது. ஈயின் பின்னிறக்கைகள் இரண்டும் குமிழ் தலையுடைய சிறு தண்டுகளாகத் திரிந்துள்ளன. பறக்கும்போது அவை இறக்கையுடன் அதிர்ந்து, உடலின் திருப்பத்தை அதே விசையால் உணர்த்துகின்றன. அவற்றை நீக்கினால் ஈ பறக்க இயலாதென 1714 இலேயே வில்லியம் டெர்காம் என்னும் ஆங்கிலேயர் குறித்துள்ளார். காரணம் விளங்கவோ நெடுங்காலஞ் சென்றது.

இக்கருவியின் பெறுமதியை உணரப் பழைய நிகழ்ச்சியொன்று உதவும். 1907 இல் பிரான்சின் துவே நகரில் பிரெகே சகோதரர் நான்கு சுழலிறக்கைத் தொகுதிகளையுடைய பொறியொன்றைத் தரையினின்றும் சிறிது உயர்த்தினர். எழுவதற்கு வேண்டிய வலு அதற்கு இருந்தது. நிலைபெறும் வழி இருக்கவில்லை. எனவே நான்கு மூலைகளிலும் ஆட்கள் நின்று, அது புரண்டுவிடாதவாறு பிடித்துக்கொண்டனர். இன்று சிறுவர் கையிலும் காணப்படும் நாற்சுழலி விமானம் அப்பொறியின் வழித்தோன்றலே. அந்நான்கு மூலைகளிலும் நின்ற மனிதரின் வேலையை இன்று ஒரு நுண்சில்லு செய்கின்றது. அது செக்கனுக்குப் பன்னூறு முறை சாய்வை உணர்ந்து, நான்கு மோட்டார்களின் வேகத்தையும் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் பொறியை நிமிர்த்துகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விமானம் காத்துக்கிடந்தது வலுவுக்கு அன்று, இச்சிறு கணக்குப்பிள்ளைக்கே.

இறக்கையடித்துப் பறக்கும் பொறிகளிலும் இதே போக்கு விளங்குகின்றது. நெதர்லாந்தின் டெல்ஃப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 2005 முதல் ஆக்கிய பொறிகளுள், 2008 இல் வெளிவந்தது 10 சதமமீற்றர் அகலமும் ஏறக்குறைய 3 கிராம் நிறையும் உடையது. அதிலுங் கமரா ஒன்று இருந்தது. அது வாலின் துணையாற் சமநிலை பெற்றது. ஆதலின் பெனோவின் நெறிக்கு அணித்தானது. 2011 இல் அமெரிக்காவிற் காட்டப்பட்ட இயந்திர ரீங்காரச் சிட்டு 16 சதமமீற்றர் இறக்கை அகலமும் 19 கிராம் நிறையும் உடையது. அதற்கு உதவும் வால் இல்லை. இறக்கைகளின் கோணத்தை மாற்றியே அது முன்னும் பின்னும் பக்கமும் சென்று, அந்தரத்தில் நின்றது. அது றைற் சகோதரரின் நெறிக்கு அணித்தானது. விமானியின் கணநேரத் திருத்தம் மட்டும் கருவிக்கு மாறியிருந்தது.

ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ரொபேட் வூட் தலைமையிலான குழு இன்னுஞ் சிறியதை நாடியது. 2007 இல் அவர்களது 60 மில்லிகிராம் பொறி வழிகாட்டும் கம்பிகளின் இடையே மேலெழுந்தது. எழ வல்லதாயினும் ஆளப்படவில்லை. அதனை ஆளுதற்கு மேலும் ஆறாண்டு வேண்டியிருந்தது. 2013 இல் அறிவிக்கப்பட்ட 80 மில்லிகிராம் பொறி, 3 சதமமீற்றர் இறக்கை அகலமுடையதாய், செக்கனுக்கு 120 முறை இறக்கையடித்து, கட்டளைப்படி நின்றும் நகர்ந்தும் காட்டியது. ஆயினும் அதன் கண்கள் அறையைச் சுற்றி நின்ற கமராக்கள். அதன் மூளை மேசை மீதிருந்த கணினி. அதன் உணவு மெல்லிய கம்பி வழிவந்த மின். 2019 இல் அக்குழுவினர் நான்கு இறக்கையும் சூரியக் கலங்களும் உடைய 259 மில்லிகிராம் பொறியைக் கம்பியின்றி எழச் செய்தனர். சூரிய ஒளியைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு செறிந்த விளக்கொளியின் கீழ் அது பறந்த நேரம் ஒரு செக்கனிலுங் குறைவு. கண், மூளை, உணவு ஆகிய யாவற்றையும் சுமந்துகொண்டு காததூரஞ் சென்று மீளும் தேனீயின் பெருமை இதனால் விளங்கும்.

அறிவு பொறியினுள்ளேயே அமைதல் வேண்டும் என்பதற்குச் சிறந்த சான்று செவ்வாய்க் கோளிற் கிடைத்தது. அங்கே காற்றின் அடர்த்தி பூமியின் காற்றில் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கே. வானொலிக் கட்டளை சென்று சேரப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே பூமியிலிருப்போர் கையால் அங்கே எதனையும் பறக்கவிடுதல் இயலாது. 1.8 கிலோகிராம் நிறையுடைய 'இஞ்சினுவிற்றி' என்னும் சிறுவிமானம் 2021 ஏப்பிரல் 19 இல் தானே எழுந்து, 3 மீற்றர் உயரத்தில் நின்று, 39 செக்கன்களில் இறங்கியது. 2024 சனவரி வரை அது 72 முறை பறந்தது. கைத்தொலைபேசிகளிற் பயன்பட்ட வகைச் சில்லே அதன் மூளை. றைற் சகோதரரின் முதல் விமானத்துச் சீலைத் துண்டொன்று அதன் அடியிலே கட்டப்பட்டிருந்தது. அச்சகோதரரின் சிறுவயது விளையாட்டுப் பொருளை எண்ணின், பெனோவுக்கும் அப்பெருமையில் ஒரு பங்கு உண்டெனல் மிகையாகாது.

இவ்வரலாறு முழுவதையும் நோக்கின், அடக்கியாளும் வேலை படிப்படியாக இடம் பெயர்ந்தமை புலனாகும். பெனோவிடத்தில் அது வடிவத்தில் இருந்தது. றைற் சகோதரரிடத்தில் விமானியின் கையில் இருந்தது. குட் சகோதரரிடத்தில் நிலத்தில் நின்றவனிடம் இருந்தது. இன்று பொறியினுள்ளேயே குடிகொண்டுள்ளது. இம்மாற்றத்தாலேயே மனிதர் நுழைய இயலாத இடிபாடுகளிலும் சுரங்கங்களிலும் சிறுவிமானம் நுழைந்து செய்தி கொணரும். இம்மாற்றத்தாலேயே 2022 முதல் உக்கிரேனிற் பெருகிய போரில் மலிவான சிறுவிமானங்கள் பெருந்தொகையாகக் கொலைக் கருவிகளாயின. இலக்கைத் தேர்ந்து தாக்கும் முடிவையும் பொறிக்கே விடலாமா என்னும் வினா 2014 முதல் செனீவா நகரில் நாடுகளின் பிரதிநிதிகளால் ஆராயப்பட்டு வருகின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். சாய்ந்தால் நிமிர்வது எவ்வாறு என்பது ஒரு கேள்வி. எங்கே செல்வது, எதன் பொருட்டுச் செல்வது என்பது பிறிதொரு கேள்வி. முன்னையது மனிதனின் கைக்கு எட்டாத வேகத்தில் தீர்க்கப்பட வேண்டியது. ஆதலின் அதனைப் பொறியிடம் ஒப்படைத்தது அறிவுடைமை. பின்னையதற்கு வேகம் வேண்டுவதில்லை. நிதானமும் நீதியும் பொறுப்பும் வேண்டும். முன்னையதை ஒப்படைத்த எளிமையிற் பின்னையதையும் ஒப்படைத்துவிடுதல், இருநூறு ஆண்டு உழைப்பின் பயனைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும். ஐந்திலொரு செக்கன் தாமதம் சிறுவிமானத்தைச் செலுத்துதற்குக் குறையாயிருக்கலாம். ஓருயிரைப் பற்றிய முடிவில் மனிதன் எடுத்துக்கொள்ளும் தாமதம் குறையன்று. இத்துறையிற் புகும் இளைஞர் பாகுநிலையையும் சடத்துவத் திருப்பத்தையும் கற்பதுடன் இவ்வேறுபாட்டையும் கற்பாராயின், பெனோ போன்றோர் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்துத் தொடக்கிய கலை நற்கலையாகவே நிலைபெறும்.